ரத்தம் கொடுத்துவிட்டு மயங்கி விழாமல் வீடு போய்ச் சேருவது எப்படி

என் முகவாயில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. பைக்கில் விழுந்ததா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன், உண்மைக் கதை அவ்வளவு பெருமையாக இருக்காது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது முதல் தடவையாக ரத்தம் கொடுத்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு காபி, அதற்கப்புறம் வயிற்றில் ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்குப் படுக்கையில் படுத்தேன், ஆறேழு நிமிடத்தில் பை நிறைந்துவிட்டது, அட இவ்வளவுதானா என்று நினைத்தேன். கையில் கொடுத்த ஃப்ரூட்டியைப் பாதி உறிஞ்சிவிட்டு, கீழே கேன்டீனில் பசங்க காத்திருக்கிறார்களே என்று மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தேன். பாதிப் படியில் சுற்றியிருந்த சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல ஆனது. அப்புறம் எனக்குத் தெரிந்தது, படி விளிம்பில் முகவாய், சட்டை முன்பக்கம் முழுக்க யாருக்கும் பயன்படாத ரத்தம், மேலே பத்து முகங்கள். மூன்று தையல்.

அதற்குப் பிறகு 17 முறை கொடுத்துவிட்டேன், ஒரு தடவைகூட விழவில்லை. இடையில் கேம்ப்களில் வாலண்டியராக நின்று, விழப்போகிறவர்களைப் பிடித்துப் பிடித்து ஒரு கண் பழகிவிட்டது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படுக்கையில் இருக்கும்போது உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவீர்கள். எழுந்து நின்றதிலிருந்து அடுத்த ஒரு மணி நேரம்தான் நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம்.

முதலில் மயக்கம் ஏன் வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் குறைந்துபோனதால் மட்டும் வருவதில்லை. பயம், ஊசியைப் பார்ப்பது, பசி, தூக்கமின்மை, வெயில் இதெல்லாம் சேர்ந்து வேகஸ் என்கிற நரம்பை உசுப்பிவிடும். அது இதயத்துடிப்பைக் குறைக்கும், அதே நேரத்தில் ரத்தக்குழாய்கள் தளரும், ரத்தம் கால் பக்கம் தேங்கும், மூளைக்குப் போவது ஒரு சில விநாடி குறையும். உடனே கண் இருட்டும். படுத்துவிட்டால் ரத்தம் மறுபடி தலைக்கு ஓடிவந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். மயக்கத்தால் ஆபத்து குறைவு. மயங்கும்போது நீங்கள் நின்றுகொண்டிருந்த இடம் படிக்கட்டா, மின்சார ரயிலின் கதவோரமா, கத்திப்பாரா மேம்பாலத்தில் பைக்கா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யாருக்கு அதிகம் வரும்? முதல் தடவை கொடுப்பவர்கள், சின்ன வயசுக்காரர்கள், எடை குறைந்தவர்கள், பெண்கள், ஏற்கெனவே ஒருமுறை மயங்கியவர்கள். எடை விஷயம் வெறும் கணக்குதான். நம் நாட்டு விதிப்படி 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுக்கலாம், 55 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் 450 மில்லி. 80 கிலோ ஆணின் உடம்பில் ஐந்தரை லிட்டர் போல ரத்தம் இருக்கும், அதில் 350 மில்லி போனால் உடம்புக்குப் பெரிதாகத் தெரியாது. 45 கிலோ பெண்ணுக்கு மொத்தமே மூன்று லிட்டர் பக்கம், அதே 350 மில்லி அவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழப்பு. அதனால் எடையைக் கேட்கும்போது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று 43-ஐ 46 ஆக்கிச் சொல்லாதீர்கள். மெஷினில் ஏற்றிப் பார்க்காமல் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளும் கேம்ப் என்றால் நீங்களே கேட்டு ஏறிப் பாருங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து, காலையில் ஆபீஸ் கேம்ப்பிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டாம். தூங்காமல் வந்தால் எடுக்கக்கூடாது என்பதே விதி, ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும். முந்தின இரவு சரக்கு அடித்திருந்தாலும் இதே கதைதான், உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும்.

காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். நாலு இட்லி சாம்பார், இரண்டு தோசை, இல்லாவிட்டால் தயிர் சாதம் ஊறுகாய், ஏதோ ஒன்று. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் படுக்கையில் இருந்தால் நல்லது, நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருக்கக்கூடாது. நெய் மிதக்கும் பொங்கலும் பிரியாணியும் மட்டும் அன்று வேண்டாம். கொழுப்பு அதிகமானால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிவிடும், சில சமயம் அந்த யூனிட்டையே ஒதுக்க வேண்டிவரும், நீங்கள் குத்திக்கொண்ட ஊசி வீண். விரத நாள் என்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆடி வெள்ளியோ, புரட்டாசி சனியோ, ரமலான் நோன்போ, புண்ணியத்தோடு புண்ணியமாக இதையும் செய்துவிடுவோம் என்று பட்டினியோடு வருபவர்களை நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொண்டுதான் போவார்கள்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது ஒன்று. அதோடு ஊசி போடுவதற்கு முந்தின அரை மணிக்குள் அரை லிட்டர் தண்ணீரை மொத்தமாகக் குடிப்பது இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். இப்படிக் குடித்தால் ரத்த அழுத்தம் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிப் பிடிக்கப்படுகிறது, ஆராய்ச்சிகளிலும் இது மயக்கத்தைக் குறைப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் முன்னால் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. எனவே பெயர் பதிந்ததும் குடிக்காதீர்கள், ஹீமோகுளோபின் பார்த்து, பி.பி. பார்த்து, அடுத்து நீங்கள்தான் என்று தெரியும்போது பாட்டிலைத் திறங்கள். சிறுநீர் கழிப்பதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சென்னையில் வியர்வையோடு உப்பும் போகிறது. கத்திரி வெயிலில் பார்க்கிங்கில் ஷாமியானா போட்டு நடத்தும் கேம்ப்புக்குப் போகிறீர்கள் என்றால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், அல்லது உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுப் போங்கள். பி.பி. இருப்பவர்கள் இந்த உப்பு யோசனையைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

சட்டைக் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுக்கைச் சட்டையை இறுக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றினால், அதுவே கட்டுப்போட்ட மாதிரி ஆகி, ஊசியை எடுத்த பிறகும் ரத்தம் கசிந்து தோலுக்கடியில் நீலமாகிவிடும். தளர்ந்த அரைக்கை போதும்.

வரிசையில் நிற்கும்போது

தலைவர் பிறந்தநாள் கேம்ப்களில் ஒரு கொடுமை உண்டு. எட்டு மணிக்கு வந்த பையன்கள் தலைவர் வந்து தொடங்கிவைக்கும் வரை பதினொன்றரை மணி வரைக்கும் வரிசையில் நிற்பார்கள், காலையில் தின்ற இரண்டு இட்லி அதற்குள் எங்கோ போயிருக்கும். இப்படி மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் வெளியே போய் ஒரு வாழைப்பழமும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வரிசை போனால் போகட்டும்.

ரத்தத் துளியை நீலத் திரவத்தில் விட்டுப் பார்ப்பார்கள், அது காப்பர் சல்பேட். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12.5 கிராமாவது இருக்கிறது என்று அர்த்தம், மிதந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். சில இடங்களில் மெஷின் வைத்திருப்பார்கள். மிதந்தால் கெஞ்சாதீர்கள்.

முன்னால் படுத்திருப்பவர் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மயக்கம் தொற்றுநோய் மாதிரி, ஒருவர் சரிந்தால் வரிசையில் இன்னொருவருக்கும் முகம் வெளிறும். ஊசி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்றால் அதை டெக்னீஷியனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் பேச்சுக்கொடுப்பார்கள், அது நிஜமாகவே வேலை செய்யும். தனியாகப் போவதைவிட ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிப்போவது நல்லது, பேச்சுத் துணைக்கு மட்டுமல்ல, திரும்பி வரும்போது வண்டி ஓட்டவும்.

படுக்கையில்

இங்கே ஒரு வித்தை இருக்கிறது, காசில்லாதது, நம் ஊர் கேம்ப்களில் யாரும் சொல்லித்தராதது. கால் மேல் கால் போட்டுப் பின்னிக்கொண்டு, தொடை, பின்புறம், வயிறு மூன்றையும் இறுக்குங்கள். ஐந்து விநாடி இறுக்கம், ஐந்து விநாடி தளர்ச்சி, மறுபடியும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அடக்கினால் எதிர்விளைவு. ஊசி குத்திய கையைத் தளர்வாக விட்டுவிட்டு, பந்து கொடுத்திருந்தால் அதை மெல்ல அமுக்கினால் போதும். தசைகள் இறுகும்போது காலில் தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஊசி ஏறும்போது, பிறகு ஊசி எடுத்த பின், முக்கியமாக எழுந்திருப்பதற்குச் சற்று முன்னால், இந்த மூன்று நேரத்திலும் செய்யுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உடம்பு முன்கூட்டியே அறிவிக்கும். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கேம்ப்பில் ஒரு பையன், பத்தொன்பது வயதிருக்கும். ஃபேன் நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது, அவன் மேலுதட்டில் மட்டும் முத்து முத்தாக வியர்வை. இரண்டு தடவை கொட்டாவி விட்டான். தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி இல்லை, வாய் பெரிதாகத் திறந்து மூடுகிற கொட்டாவி. "தம்பி, எப்படியிருக்கு?" என்றேன். "ஒண்ணும் இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான், சொல்லும்போதே உதடு வெளுத்துவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டேன், அவர் வந்து ஊசியை எடுத்துவிட்டு, படுக்கையின் கால்பக்கத்தைத் தூக்கிவிட்டார், இரண்டு நிமிடத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. சுற்றி நின்ற பசங்க முன்னால் பலவீனமாகத் தெரிந்துவிடக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

கொட்டாவி, உள்ளங்கையில் குளிர்ந்த வியர்வை, வாந்தி வருகிற மாதிரி, காது அடைப்பது, கண் மங்குவது, திடீரென்று ரொம்பச் சூடாகத் தோன்றுவது. இதில் எது வந்தாலும் "சிஸ்டர், ஒரு மாதிரி இருக்கு" என்று உடனே சொல்லிவிடுங்கள், பை பாதிதான் நிறைந்திருந்தாலும் சரி. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும், விரல்கள் மடங்கிக்கொள்ளும், பார்க்கப் பயமாக இருக்கும். மெதுவாக மூச்சு விட்டு, யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் சரியாகிவிடும்.

ஊசி சம்பந்தமாக இரண்டு விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. குத்தியதும் ஷாக் அடித்த மாதிரி வலி விரல்வரை ஓடினால் ஊசி உணர்வு நரம்பைத் தொட்டிருக்கலாம், உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஊசி இருக்கும்போதே அந்த இடம் புடைத்து வீங்கிக்கொண்டே போனாலும் அப்படித்தான். ரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாக, துடித்துத் துடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் பை நிறைந்துவிட்டால், ஊசி குத்தியது தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயில், இருக்கலாம். அதை ஊழியர்கள் கவனிப்பார்கள், ஊசியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார்கள், அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

எழுந்து நிற்கும் நேரம்

பஞ்சை நீங்களே அழுத்திப் பிடியுங்கள், கையை நீட்டியபடி சற்று உயர்த்தி, ஐந்து நிமிடம். எல்லோரும் முழங்கையை மடக்கிக்கொள்கிறார்கள், மடக்கினால் அழுத்தம் சரியாக விழாது, அதனால்தான் மறுநாள் கை முழுக்க நீலம். நீலமானால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம், அப்புறம் வெந்நீர் ஒத்தடம், ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். தைலம் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் படுத்தே இருங்கள். பிறகு உட்காருங்கள், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நிமிடம். கால் தசைகளை இறுக்குங்கள். பிறகு நில்லுங்கள். சர்டிஃபிகேட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் சடங்கை உட்கார்ந்தபடியே முடித்துக்கொள்ளலாம், போட்டோ கெட்டுப்போகாது. அடுத்து ஜூஸ், பிஸ்கட் தருகிற இடத்தில் குறைந்தது கால் மணி நேரம். முதல் தடவை என்றால், எடை 50-க்குக் கீழே என்றால், அரை மணி. ஜூஸை முழுசாகக் குடியுங்கள், இன்னொன்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

விழுகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். மாடிப்படி, கழிவறை, டீக்கடை, பஸ் ஸ்டாப். லிஃப்ட் இருந்தால் லிஃப்ட், இல்லையென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, துணையோடு. கழிவறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடாதீர்கள், வெளியே ஃப்ரெண்டை நிறுத்துங்கள், ஆண்களும் உட்கார்ந்தே போங்கள். ஒரு தம் போடலாம் என்று டீக்கடைக்கு ஓடாதீர்கள், ஒரு மணி நேரமாவது அதைத் தள்ளிப்போடுங்கள். கிண்டியில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது கண் கட்டினால் கூச்சமில்லாமல் பிளாட்பாரத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். பேன்ட் அழுக்காகும், துவைத்துக்கொள்ளலாம். மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ சீட் கிடைக்கவில்லை என்றால் இப்போதுதான் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள், சென்னைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள், நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்தக் கையால் தண்ணீர்க் கேன் தூக்காதீர்கள். ஜிம், கிரிக்கெட், பீச்சில் ஓட்டம், இரவில் தண்ணி அடிப்பது எல்லாம் மறுநாள். பஸ், லாரி, கேப் ஓட்டுபவர்கள், சாரத்தில் நின்று பெயின்ட் அடிப்பவர்கள் போன்றவர்கள் அடுத்த நாள் விடுமுறை இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் விழுந்தால்

தூக்கி நிற்க வைக்காதீர்கள், நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். தரையில் படுக்கவைத்து, காலைத் தூக்கி ஒரு பை மேலோ நாற்காலி மேலோ வையுங்கள். காலர், பெல்ட்டைத் தளர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள், நெற்றியில் ஈரத்துணி. வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். உடனே யாராவது "சோடா வாங்கிட்டு வாடா" என்பார்கள், முழு நினைவு திரும்பும் வரை வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சிலருக்கு மயங்கும்போது கைகால் சில விநாடி வெட்டி வெட்டி இழுக்கும். மூளைக்கு ரத்தம் குறைவதால் வருவது அது, பெரும்பாலும் வலிப்பு நோய் கிடையாது. அதற்குள் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிக்க வருவார். வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு எதுவும் செய்யாது, தடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள், கேம்ப்பை விட்டு வெளியே என்றால் 108.

பிளேட்லெட் கொடுக்கப் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மழைக்காலத்தில் டெங்கு வரும்போது சொந்தக்காரருக்காக நிறையப் பேர் மெஷினில் ஒரு மணி, ஒன்றரை மணி படுக்கிறார்கள். மெஷின் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பி ஏற்றும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் அதோடு உடம்புக்குள் வரும்போது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உதடும் விரலும் எறும்பு ஊறுவது போல இருக்கும். அப்போதே சொன்னால் மெஷின் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். சொல்லாமல் விட்டால் தசை இழுக்கும்.

திரவ இழப்பை உடம்பு ஒன்றிரண்டு நாளில் சரிகட்டிவிடும். இரும்புச்சத்து அப்படியில்லை. 350 மில்லியோடு சுமார் 150 முதல் 180 மில்லிகிராம் இரும்பு போகிறது, நாம் ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வைத்திருப்பது அதனால்தான், வேறொரு பிளட் பேங்க்கில் போய் நடுவில் கொடுத்துவிடாதீர்கள். கீரை, பயறு, ஈரல் சாப்பிடுங்கள், சாப்பிட்ட உடனே டீ காபி குடிப்பதைத் தள்ளிவையுங்கள். அடிக்கடி கொடுப்பவர்கள் இரும்பு மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது, முன்பு ரத்தம் கொடுத்து மயக்கம் வந்ததுண்டா என்று கேட்பார்கள். ஆம் என்று சொல்லுங்கள், ஒருமுறை மயங்கியதற்காகப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள், கூடுதலாக ஒரு கண் உங்கள் மேல் இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சிஸ்டர் நிமிர்ந்து என் முகவாயைப் பார்த்துவிட்டு, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பார்.